ஆயத்த அறைக்கு ஒரு வரி போதாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டப்புறப் பள்ளிகளுக்குப் புதிய அறிவியல் ஆய்வுக்கூடம் கட்டுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் மேசை, மின்திரை, குளிரூட்டி எல்லாம் விரிவாக வந்திருக்கின்றன. செய்முறைக்கு வேண்டிய பொருள்களை வைத்துத் தயார் செய்யும் ஆயத்த அறைக்கு மட்டும் ஒரே வரி. வருத்தமாக இருக்கிறது. அந்த அறை சரியில்லை என்றால் செய்முறைப் பாடமே நடக்காது, ஆசிரியர் வெண்பலகையில் படம் வரைந்து முடித்துவிடுவார்.

அது இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு நடுவில், இருபக்கமும் கதவோடு இருக்க வேண்டும். வாசற்படி கூடவே கூடாது. அமிலப் புட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டி சிறு மேட்டில் தட்டினாலும் ஆபத்து.

நம் ஊர் வெக்கையையும் கணக்கில் எடுங்கள். எத்தனால் என்னும் எரிசாராயம் சுமார் 13 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். இங்கே மதியம் 30-ஐத் தாண்டுகிறது. மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம் அதை வைக்கலாமா? தனி உலோக அலமாரி வேண்டும். அடர் அமிலங்கள் தாழ்வான தட்டில், கசிவைத் தாங்கும் தட்டத்தோடு இருக்கட்டும். அமோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டின் ஆவியும் சேர்ந்து எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூளாகப் படியும்.

கேஸ் தோம்பு, அதாவது சமையல் எரிவாயு உருளை, கட்டடத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் மேலே சன்னல் மட்டும் போதாது, கீழேயும் காற்றுத்துளை வேண்டும். நுண்ணோக்கிகளுக்கு ஈரம் புகாத பெட்டி அவசியம், இல்லையென்றால் வில்லையில் பூஞ்சை பிடிக்கும்.

வரைபடம் போடும் முன் அங்கே வேலை செய்யும் உதவியாளரை உட்கார வைத்துக் கேளுங்கள். பியூரெட் என்னும் நீளமான கண்ணாடி அளவுக்குழாயைக் கழுவ எவ்வளவு ஆழத்தில் தொட்டி வேண்டும் என்பதிலிருந்தே சொல்லத் தொடங்குவார்.