எங்கள் செட்டில் யார் யார்?

குடியாத்தத்துப் பள்ளி நாட்களைப் பற்றி முகநூலில் உருகி உருகி எழுதுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? என் கண்ணில் பட்ட அத்தனை பேரும் ஆண்கள். டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கியது, கவுண்டன்ய ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடியது, வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்த மேட்னி. கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு "அவள்" வருவாள். பெயர் இருக்காது. இரட்டைச் சடை இருக்கும், வெள்ளைத் தாவணி இருக்கும். தெருமுனையில் ஒரு நொடி திரும்பிப் பார்த்திருப்பாள். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பிப் பார்த்தது உண்மைதான். பின்னால் வரும் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதற்குள் வீட்டை எட்டிவிடலாமா என்று பார்த்தோம்.

நான் 1996இல் பத்தாம் வகுப்பு எழுதியவள். அப்போது எங்கள் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபோது வேலூர் மாவட்டம். பெயர் மாறியதே தவிர வகுப்பறை மாறவில்லை. ஜன்னல் ஓரம் பெண்கள், கதவு ஓரம் ஆண்கள், நடுவில் ஒரு நடைபாதை. அதைத் தாண்டி ஒரு ரப்பர் கேட்டாலும் மாலைக்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

எல்லாமே பயம்தான் என்று சொன்னால் அதுவும் பொய். சிலரை எங்களுக்கும் பிடித்திருந்தது. யாருடைய கையெழுத்து அழகு, யார் ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசாமலேயே நியாயம் கேட்பான் என்றெல்லாம் மதியம் வேப்பமரத்தடியில் விரிவாக விவாதித்திருக்கிறோம். அந்த மரத்தடிதான் எனக்குப் பள்ளிக்கூடம். நெசவாளர் வீட்டுத் தோழி, விடியற்காலையிலேயே தறிக்கு நூல் தார் சுற்றிவிட்டு வந்த அலுப்பில், சாப்பிட்ட கையோடு என் மடியில் தூங்கிவிடுவாள். வீட்டில் உருது பேசும் இன்னொருத்தி பக்ரீத் முடிந்த மறுநாள் தூக்கு நிறைய பிரியாணி கொண்டு வருவாள், கூடவே கத்தரிக்காயும். சைவ வீட்டுப் பெண் ஒருத்தி கத்தரிக்காயை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு உட்காருவாள். மேற்கொண்டு நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவளும் இதைப் படிப்பாள். காய் விட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர்கள் கூட அந்தத் தூக்கைத் திறந்ததும் பழம் விட்டுவிடுவார்கள்.

ஆண்களும் பெண்களும் பேசிக்கொண்டது ஒரே ஒரு நாள், அமிர்திக்குச் சுற்றுலா போனபோது. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், நடுவில் இரண்டு ஆசிரியர்கள். திரும்பி வரும்போது கணியம்பாடி தாண்டுவதற்குள் இருவரும் குறட்டை. பாட்டுக்குப் பாட்டு தொடங்கியது. எங்கள் பக்கம் "ழ"வில் மாட்டிக்கொண்டு விழித்தபோது, எதிரணியிலேயே ஒருவன் வேறு எழுத்துக் கொடுங்கள் என்று எங்களுக்காக வாதாடினான். வேலூர் வந்ததும் ஆசிரியர் கண் விழித்தார், பஸ் ஊமையாகிவிட்டது. மறுநாள் வகுப்பில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டையிலிருந்து கோபாலபுரத்துக்கு அம்மன் தலை ஊர்வலமாக வரும். இரவு வாணவேடிக்கை. எங்களைப் பொழுது சாய்ந்தபின் வெளியே விடும் ஒரே நாள் அது. நண்பர்களின் பதிவுகளிலும் இந்த இரவு வரும், கூட்டத்தில் "அவளை"த் தேடியதாக. அந்தச் சிரசு யாருடையது என்பதை மட்டும் அவர்கள் யோசிப்பதில்லை. ஆற்று நீரில் ஒரு கந்தர்வனின் நிழலைக் கண்டு ஒரு கணம் மனம் அசைந்தாள் என்பதற்காக, கணவன் சொல்ல மகன் வெட்டிய ரேணுகையின் தலை அது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில்தான் எங்களைத் திரும்பிப் பார்க்கச் சொன்னீர்கள்.

நோட்டுப் புத்தகத்தில் கடிதம் அகப்பட்டால் பையனுக்குப் பிரம்படி. அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தால் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு அடி கிடையாது, படிப்பு நின்றுவிடும். கட்டடத்தின் பின்சுவரில் எங்கள் தோழி ஒருத்தியின் பெயரையும் ஒரு பையனின் பெயரையும் சேர்த்து யாரோ கரியால் எழுதியிருந்தார்கள். அவனுடன் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வாரமே அவளுடைய அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். தை மாதம் கல்யாணம். எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே இருக்கலாம். தினமும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

சுவரில் பெயர் வராதவர்களும் காணாமல் போனார்கள். 1989இல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். எங்கள் தெருவில் பல பெண்களை எட்டு வரை அனுப்பி வைத்ததே அந்தப் பணம்தான், அதை மறக்க மாட்டேன். எட்டு முடிந்ததும் கையில் பீடி முறத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. காமராஜர் முதலமைச்சரான கையோடு 1954 இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் குடியாத்தத்தில்தான் என்று வரலாற்று ஆசிரியர் மார்தட்டும்போது, ஆறாம் வகுப்பில் என் பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுத் திண்ணையில் இலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திருமண உதவித் திட்டமே 2022இல் கல்லூரி போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியபோது, இதை முன்பே செய்திருக்கக் கூடாதா என்று கோபம்தான் முதலில் வந்தது.

இப்போது வெள்ளி விழாவையும் தாண்டிய எங்கள் செட்டுக்கு ஒன்றுகூடல் ஏற்பாடு நடக்கிறது. குழுவில் பெண்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகிறோம். "மற்றவர்கள் நம்பர் கிடைக்கவில்லை" என்கிறார்கள். கிடைக்காது. பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் எட்டில் நின்றவள் எப்படிக் கிடைப்பாள்? சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஊருக்கு வெளியே ஒரு ஓட்டல் என்று வேறு முடிவு செய்திருக்கிறார்கள்.

ஏற்பாட்டாளர்களே, ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேடு பள்ளியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஞாயிறு பகலில், பள்ளி வளாகத்திலேயே வையுங்கள். டி.சி. வாங்கிக்கொண்டு போனவள் இப்போது ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அவளை நான் அழைத்து வருகிறேன்.