இரண்டு பிரீஅம்ப் மொடியூல், ஒரே கிற்றார்: டோன் எங்கே மாறுகிறது?

"ஒப்-அம்ப் பிரீஅம்ப் என்றால் சத்தம் மெல்லிசு, எஃப்.ஈ.ரி. என்றால்தான் தடிப்பு." எங்கள் பக்கத்துக் கிற்றார்காரரிடம் இந்தத் தீர்ப்பு கனகாலமாக ஓடுகிறது. பிரீஅம்ப் என்பது கிற்றாரின் சின்ன சிக்னலை மிக்சருக்குப் போக முதல் பெருப்பிக்கிற போட்; ஒப்-அம்ப் என்பது பல ட்ரான்சிஸ்ரர் அடங்கிய சிப், எஃப்.ஈ.ரி. என்பது ஒற்றை ட்ரான்சிஸ்ரர். சேர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறவரும் சொல்கிறார், கலியாண மண்டபத்தில் மிக்சர் பிடிக்கிறவரும் சொல்கிறார். பிரிட்ஜுக்குக் கீழே பியசோ (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பட்டி) வைத்த அக்கூஸ்ரிக் கிற்றாரைப் பொறுத்தவரை இது பாதிக்கு மேல் பிழை என்பது என் கருத்து. சிப்பை மாற்றிக் காசைக் கரைக்க முதல், போட்டின் உள்ளீட்டு வாசலில் நிற்கிற ஒரு றெசிஸ்ரரை (மின்தடையை) பாருங்கோ.

எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முதலாவது, ரீ.எல்.072 ஒப்-அம்ப் போட்ட சின்னப் போட், உள்ளீட்டில் 1 மெகாஓம். இரண்டாவது, ஒரேயொரு ஜே201 எஃப்.ஈ.ரி. போட்ட போட்: கேற்றில் (உள்ளீட்டுக் கால்) 10 மெகாஓம், ட்ரெயினில் (வெளியீட்டுக் கால்) 6.8 கிலோஓம், சோர்சில் (மூன்றாவது கால்) 2.2 கிலோஓம். இரண்டும் 9 வோல்ற் பற்றரியில் ஓடும். இரண்டையும் மாறி மாறிக் கொழுவிக் கேட்டால் இரண்டாவதுதான் தடிப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தடிப்பு ஜே201 கொடுத்ததில்லை.

பியசோ மின்சாரக் கணக்கில் ஒரு கபாசிற்றர் (மின்தேக்கி). பிரிட்ஜுக்குக் கீழே வைக்கிற பட்டி பெரும்பாலும் சில நூறு பிக்கோபரட்டில் இருந்து 1 நனோபரட், அதற்குக் கொஞ்சம் மேல் வரை இருக்கும். 500 பிக்கோபரட் பியசோவை 1 மெகாஓமில் கொண்டுபோய்க் கொழுவினால் அது 318 ஹேட்சுக்குக் கீழே வெட்டுகிற வடிகட்டி ஆகிவிடும். தடித்த ஈ கம்பி 82 ஹேட்ஸ். அந்த இடத்தில் சத்தம் ஏறக்குறைய 12 டெசிபல் விழுந்துபோகும். அதே பியசோ 10 மெகாஓமைப் பார்த்தால் வெட்டு 32 ஹேட்சுக்குப் போய்விடும், பாஸ் முழுதாக வரும். "மெல்லிசு" என்று எல்லாரும் சொல்கிறது இந்த 12 டெசிபலைத்தான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஒப்-அம்ப் போட்டில் உள்ள 1 மெகாஓமைக் கழற்றி 10 மெகாஓம் போடுவது. சில ரூபாய்ச் சாமான். கழற்ற முதல் பயஸ் (உள்ளீட்டுக் கால் ஓய்வில் நிற்கிற வோல்ற்) எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கோ. மலிவுப் போட்களில் 9 வோல்ற்றுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இரண்டு 1 மெகாஓமைத் தொடராகப் போட்டு, நடுப்புள்ளியை நேரே உள்ளீட்டுக் காலில் கொடுத்திருப்பார்கள். அப்போது பியசோ பார்க்கிற சுமை 500 கிலோஓம்தான், இன்னும் மோசம். அப்படியானால் இரண்டு 100 கிலோஓமும் கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்குரோபரட்டும் வைத்து 4.5 வோல்ற் புள்ளி ஒன்றைத் தனியாக உண்டாக்கி, அதிலிருந்து 10 மெகாஓம் வழியாக உள்ளீட்டுக்குக் கொண்டுபோங்கோ.

றெசிஸ்ரரைக் கூட்டினால் இரைச்சல் கூடும் என்று கன பேர் பயப்படுகிறார்கள். பியசோவோடு நடப்பது எதிர்மாறு. றெசிஸ்ரரின் இரைச்சலைப் பியசோவின் கபாசிற்றரே கிரவுண்டுக்கு இறக்கிவிடும்; பெறுமதி கூடக்கூட அது காதுக்கு எட்டாத தாழ் அலைவரிசையில் போய் ஒதுங்கும். 500 பிக்கோபரட்டோடு 1 கிலோஹேட்சில் கணக்குப் பார்த்தால் 1 மெகாஓம் தருவது ஏறக்குறைய 40 நனோவோல்ற், 10 மெகாஓம் தருவது 13. ரீ.எல்.072 இன் சொந்த இரைச்சல் 18 தான். அதாவது 1 மெகாஓம் போட்டில் 1 கிலோஹேட்ஸ் பக்கத்திலும் அதற்குக் கீழேயும் கேட்கிற இரைச்சல் பெரும்பாலும் றெசிஸ்ரர், சிப் இல்லை.

சிப்பை என்.ஈ.5532 ஆக மாற்றச் சொல்லி அறிவுரை வரும். மிக்சருக்குள் அது அருமையான சிப். இங்கே வேண்டாம். அதன் உள்ளீட்டுக் கால் 200 நனோஅம்பியர் அளவு இழுக்கும். 10 மெகாஓமில் அது 2 வோல்ற், பயஸ் முழுக்கச் சரிந்துவிடும். ரீ.எல்.072 இழுப்பது பிக்கோஅம்பியர் கணக்கில்.

10 மெகாஓம் வைத்தால் சுத்தம் கட்டாயம். ஈயம் பிடித்த இடத்தில் பிளக்ஸ் (ஈயம் ஒட்டப் பாவிக்கிற பசை) மிச்சம் இருந்து, அதில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அதுவே ஒரு றெசிஸ்ரராகிக் கசியும். யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர் போன்ற கரையோரங்களில், அதுவும் கார்த்திகை மார்கழி மழையில், "நேற்று நல்லாய் இருந்தது, இன்றைக்குப் பாஸ் இல்லை, கரகரக்குது" என்று வருகிற முறைப்பாட்டுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பழைய பல் தூரிகையும் போதும். முடிந்தால் உள்ளீட்டுக் காலைப் போட்டில் பதிக்காமல் மேலே தூக்கி, பியசோ வயரையும் 10 மெகாஓமையும் காற்றிலேயே அதோடு ஒட்டிவிடுங்கோ. துடைத்த பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது.

சுமையைச் சமமாக்கிய பிறகும் மிச்சம் நிற்கிற வித்தியாசங்கள் உண்டு. அவைதான் உண்மையில் கதைக்க வேண்டியவை.

ஒன்று, பலமாக அடிக்கும்போது நடப்பது. அழுத்தி அடித்தால் பியசோவின் உச்சம் 1 வோல்ற்றைத் தாண்டும். ஜே201 அதற்கு முதலே மெல்ல மழுங்கத் தொடங்கிவிடும். அடியின் கூர் உருண்டு, காதுக்கு "இதம்" ஆகக் கேட்கும். ரீ.எல்.072 அப்படி விட்டுக்கொடுக்காது. நேராகவே போய், எல்லை வந்ததும் முறியும். அதைவிட மோசமான குணம் ஒன்றும் அதற்கு உண்டு: உள்ளீடு கிரவுண்டுக்கு ஏறக்குறைய 3 வோல்ற் கிட்ட இறங்கினால் வெளியீடு திடீரென்று தலைகீழாகப் புரளும். புதுப் பற்றரியில் 4.5 இல் இருந்து 3 வரை ஒன்றரை வோல்ற் இடம் இருக்கிறது. பற்றரி 7.5 வோல்ற்றுக்கு இறங்கினால் முக்கால் வோல்ற்தான் மிச்சம். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஸ்ரம் அடிக்க "டக் டக்" என்று முறிகிறதென்றால் மிக்சரை நோண்டாதீர்கள், பற்றரியை மாற்றுங்கோ. பாஸ் முழுதாக வரத் தொடங்கியதும் உள்ளீட்டில் மட்டுமில்லை, வெளியீட்டிலும் இடம் இன்னும் இறுகும் என்பதால் கெயினை (பெருக்கத்தை) 2 மடங்குக்கு மேல் வைக்க வேண்டாம். ஓ.பி.ஏ.2134 போட்டால் இந்தப் புரளல் இல்லை, ஆனால் அது 8 மில்லியம்பியர் குடிக்கும். ரீ.எல்.072 க்கு 3 க்கும் குறைவு.

மற்றது கேபிள். எங்கள் ஊர் மேடைகளில் இதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. எஃப்.ஈ.ரி. போட்டின் வெளியீட்டு மறிப்பு ஏறக்குறைய அந்த 6.8 கிலோஓம்தான். மீற்றருக்கு 100 பிக்கோபரட் கேபிள் 10 மீற்றர் போனால் 23 கிலோஹேட்சுக்கு மேலேதான் வெட்டு விழும், கவலையில்லை. கோயில் வீதியில் மேடை ஒரு மூலை, மிக்சர் இன்னொரு மூலை என்று 30 மீற்றரைச் சாதாரண கிற்றார் கேபிளிலேயே நேராக இழுத்தால் வெட்டு 8 கிலோஹேட்சுக்கு இறங்கிவிடும். கம்பியின் மினுக்கம் போய்விடும். பிறகு அதற்கும் "எஃப்.ஈ.ரி. டோன் இதமானது" என்றே பெயர் வைப்பார்கள். மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோஓம் என்றால் இன்னொரு 4.5 டெசிபலும் போகும். வெளியீட்டுக் கபாசிற்றர் 0.1 மைக்குரோபரட் ஆக இருந்தால் பாசும் சேர்ந்து போகும், 4.7 அல்லது 10 போடுங்கோ. ஒப்-அம்ப் போட்டுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, வெளியீட்டில் ஒரு 100 ஓம் தொடராக வைத்தால் போதும்.

ஜே201 வாங்குகிறவர்கள் கவனம். அந்தப் பெயரில் வேறு சாமான் கனக்க விற்கிறார்கள். கேற்றையும் சோர்சையும் சேர்த்துப் பற்றரியின் மறையில் பிடித்து, ட்ரெயினுக்கு மில்லியம்பியர் மீற்றர் வழியாக 9 வோல்ற் கொடுங்கோ. 0.2 க்கும் 1 க்கும் இடையில் காட்ட வேண்டும். 5 காட்டினால் அது ஜே201 இல்லை, மேலே சொன்ன றெசிஸ்ரர்களோடு ஒழுங்காக நிற்காது.

இரண்டையும் நீங்களே ஒப்பிட்டுக் கேட்கப் போகிறீர்கள் என்றால் முதலில் சத்த அளவைச் சமப்படுத்துங்கோ. 1 டெசிபல் கூட இருந்தாலே காது அதைத்தான் "நல்ல டோன்" என்று தெரிவு செய்யும். போனில் இருந்து 200 ஹேட்ஸ் தொனியை இரண்டு போட்டுக்கும் ஒரு 0.1 மைக்குரோபரட் கபாசிற்றர் வழியாகக் கொடுத்து (நேரே கொடுத்தால் ஒப்-அம்ப் போட்டின் பயஸ் சரியும்), வெளியீட்டை ஏசி மீற்றரில் ஒன்றாக்குங்கோ. 200 ஹேட்ஸ் சொல்வதற்குக் காரணம், மலிவு மீற்றர்கள் 1 கிலோஹேட்சில் பிழை காட்டும். ஏசியில் 200 வோல்ற் அளவு மட்டும் உள்ள மீற்றரும் உதவாது, 2 வோல்ற் அளவு வேண்டும். பிறகு அந்தக் கபாசிற்றருக்குப் பதிலாக ஒரு 470 பிக்கோபரட் கபாசிற்றரைத் தொடராக வைத்து 80, 200, 400 என்று அளந்தால் சுமையின் விளைவு எண்ணாகவே தெரியும்.

கிற்றாரோடு கேட்கும்போது பியசோவை இரண்டு போட்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள்; ஒன்றின் சுமை மற்றதையும் கெடுக்கும். இரட்டைத் துருவ இருவழிச் சுவிச் போட்டு உள்ளீடும் வெளியீடும் சேர்ந்து மாறுகிற மாதிரிச் செய்யுங்கோ.

என் தெரிவைக் கேட்டால், 10 மெகாஓம் போட்ட ரீ.எல்.072 போட், கெயின் 2. நீளக் கேபிளில் போனாலும் டோன் மாறாமல் மிக்சருக்கு வரும். மேடையிலேயே டி.ஐ. பெட்டி (சிக்னலை நீளக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வைத்து, கிற்றாரில் இருந்து 5 மீற்றருக்குள் அதில் கொழுவுகிறவர், அதுவும் பலமாக ஸ்ரம் அடிக்கிறவர் என்றால் ஜே201 ஐத் தாராளமாக வைக்கலாம், அந்த மழுங்கல் அவருக்கு உதவும். எதை வைத்தாலும் ஸ்ரீரியோ ஜக் போட்டு, பற்றரியின் மறை வயரை அதன் நடு வளையத்தில் கொடுங்கோ. மோனோ பிளக் செருகினால்தான் போட் உயிர்க்கும். வாசித்து முடிந்ததும் பிளக்கைக் கழற்ற வேண்டும், செருகியபடி பெட்டிக்குள் வைத்தால் ரீ.எல்.072 ஒரு அல்கலைன் பற்றரியை ஏறக்குறைய ஒரு கிழமையில் குடித்துவிடும்.