டிஎன் 43 வண்டிக்கு ஏசி ஆஃபரா?

ஏப்ரல் வந்தால் ஊட்டி, குன்னூர் வண்டிகளுக்கும் ‘ஏசி கேஸ் செக்கப்’ எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. நீலகிரி வண்டி என்று காட்டும் டிஎன் 43 என்ற நம்பர் டீலர் சாஃப்ட்வேரிலேயே இருக்கிறதே, அதை வைத்துப் பிரித்து அனுப்பினால் என்ன?

சர்வீஸ் நினைவூட்டலும் அப்படித்தான். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், சமவெளிக்கும் மலைக்கும் ஒரே கணக்கு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிற வண்டிக்கு அது எப்படிப் பொருந்தும்? பிரேக் பேட் சீக்கிரம் தேயும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. உயிர் போகிற விஷயம் இது!

பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், பிரேக் ஆயில் மாற்றி எத்தனை மாதம்? இந்த இரண்டையும் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் பதிவுச் சீட்டில் ஏற்றி, அதை வைத்து எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.