பொலோனியில் கிருமியைக் கண்டுபிடித்தவர்களுக்கு நாம் இன்னும் நன்றி சொல்லவில்லை

2018 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. நம் தென்னாப்பிரிக்காவின் சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சோலெடி தொலைக்காட்சியில் வந்து, உயிரைக் குடித்துக்கொண்டிருந்த லிஸ்டீரியா என்ற கிருமி பொலோனியிலிருந்துதான் பரவியது என்று சொன்னதும், டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஃப்ரிட்ஜைத் திறந்து பொலோனி, வியன்னா என்ற பதப்படுத்திய இறைச்சி வகைகளைத் தூக்கி எறியாத வீடு அநேகமாக இல்லை. மறுநாள் கடைகளில் பணத்தைத் திரும்ப வாங்க நின்ற வரிசையும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் கிருமி பொலோனியில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது யார், எப்படி என்று கேட்டால் பதில் வராது. கோயிலில், கல்யாண வீட்டில், தமிழ் வகுப்பில் பிள்ளைகளை விட வரும் பெற்றோரிடம் என்று பலரிடம் கேட்டுவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2017-ன் நடுவில் ஜோஹன்னஸ்பர்க்கின் கிறிஸ் ஹானி பாரக்வனாத் மருத்துவமனையிலும் பிரிட்டோரியாவின் ஸ்டீவ் பிகோ மருத்துவமனையிலும் பச்சிளங் குழந்தைகளைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. லிஸ்டீரியா தொற்றோடு பிறக்கும் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகம். அதற்கு முன்பு நாடு முழுக்க ஆண்டுக்கு 60 முதல் 80 பேருக்குத்தான் இந்த நோய் உறுதியாகும். அப்போது இது அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்கூட இல்லை. ‘இந்த மாதம் கொஞ்சம் கூடுதல்’ என்று அந்த மருத்துவர்கள் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் விடவில்லை. சாண்ட்ரிங்காமில் இருக்கும் தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்கு, அதாவது என்.ஐ.சி.டி.க்குத் தகவல் சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததுதான் உண்மையான உழைப்பு. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளை நாடெங்கும் உள்ள ஆய்வகங்கள் அனுப்பி வைக்க, அங்கே ஒவ்வொன்றின் முழு மரபணு வரிசையையும் படித்தார்கள். பத்தில் ஒன்பது கிருமிகள் எஸ்.டி.6 என்ற ஒரே வகை. கேப்டவுனில் படுத்திருப்பவருக்கும் சொவேட்டோவில் பிறந்த குழந்தைக்கும் ஒரே கிருமி என்றால், இருவரும் ஒரே இடத்திலிருந்து வந்த எதையோ சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். உயிரித் தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டாலே ஏதோ தூரத்து விஷயம் என்று நினைக்கிறோம். இங்கே அது செய்த வேலை இதுதான்: நாட்டின் பல மூலைகளில் நடந்த சாவுகளை ஒரே சமையல் மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

ஆனால் என்ன உணவு? அதை எந்த இயந்திரமும் சொல்லாது. ஆளைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். லிஸ்டீரியா உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரிய 70 நாள் வரைகூட ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று இப்போது உங்களை யாராவது கேட்டால் சொல்ல முடியுமா? குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார்கள். அப்படிப் பேசிய 109 பேரில் 93 பேர், சமைக்காமல் அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சியைச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். அதில் முதலிடம் பொலோனிக்கு.

அது சந்தேகம்தான், சான்று இல்லை. சான்று கிடைத்தது 2018 ஜனவரியில். சொவேட்டோவில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தைச் சேர்ந்த 5 வயதுக்குட்பட்ட 9 குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக பாரக்வனாத்துக்கு வந்தார்கள். உணவால் வந்த நோயாக இருக்கும், லிஸ்டீரியாவாகவும் இருக்கலாம் என்று குழந்தை மருத்துவர் யோசித்தார். சுகாதார ஆய்வாளர்கள் அன்றே காப்பகத்துக்குப் போய், அங்கிருந்த பொலோனியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒரு குழந்தையின் மலத்திலும் பொலோனியிலும் அதே எஸ்.டி.6. மறுநாள் போயிருந்தால் அந்தப் பொலோனி அங்கே இருந்திருக்குமா? பிள்ளைகளுக்கு ரொட்டியில் வைத்துக் கொடுத்து முடிந்திருக்கும், இல்லை பயந்து குப்பையில் போட்டிருப்பார்கள். அங்கிருந்து பிடித்த நூல் பொலொக்வானே நகரத்துத் தொழிற்சாலையில் போய் முடிந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்களும் உடன்போனார்கள். ஆலைக்குள் எடுத்த மாதிரிகளிலும் அதே கிருமி.

மொத்தம் 1,060 பேருக்கு நோய், 216 சாவு. லிஸ்டீரியா தொற்று இதைவிடப் பெரிதாகப் பரவியதாக உலகத்தில் எங்கும் பதிவில்லை. நோய் கண்டவர்களில் பத்தில் நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி, அவ்வளவுதான் இருக்கும். கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டி வயிற்றுப் பிள்ளைக்குப் போய்விடும். மற்ற பல கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்கும், இது ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வளரும். ‘ஃப்ரிட்ஜில்தானே வைத்திருந்தேன்’ என்று அழுத தாய்மாரிடம் ஒரு தப்பும் இல்லை.

பொலோனியை ஏன் வாங்கினாய் என்று அவர்களைக் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்காது. கையில் இருக்கும் ரான்டில் நாலு பிள்ளைகளுக்கு ரொட்டிக்குள் வைக்க வேறு எது கட்டுப்படியாகும்? என் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் டப்பாவில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. கடையில் விற்பது பாதுகாப்பானது என்று நம்பி வாங்குவது ஏழைகளின் உரிமை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றித் தரும் வேலைதான் உணவு அறிவியல்.

லிஸ்டீரியாவைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அரசு சேர்த்தது 2017 டிசம்பரில், அதாவது குழந்தைகள் சாக ஆரம்பித்துப் பல மாதங்கள் கழித்து. இனியாவது முன்கூட்டிப் பார்ப்பார்கள் என்று நாமெல்லாம் நினைத்தோம். 2024-ல் என்ன நடந்தது? அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் 6 குழந்தைகள் செத்துப்போனார்கள். காரணம் டெர்புஃபோஸ், வயலுக்கு அடிக்கும் கடுமையான பூச்சிமருந்து. குப்பை அள்ளப்படாமல் எலி பெருகும் தெருக்களில் இதையே சின்னப் பொட்டலமாக எலி மருந்தென்று விற்கிறார்கள். அது தின்பண்டத்தோடு சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நவம்பர் 15 அன்று குடியரசுத் தலைவர் ரமபோசா நாட்டுக்குச் சொன்ன கணக்கு: செப்டம்பர் தொடக்கத்திலிருந்து உணவால் நோயுற்ற சம்பவங்கள் 890, இறந்த குழந்தைகள் குறைந்தது 22. ஸ்பாஸா என்கிற தெருவோரச் சின்னப் பெட்டிக் கடைகள் எல்லாம் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சரி, போட்டார்கள். பதிவு செய்த கடைக்குள் போய்ப் பார்க்க ஆள் எங்கே?

என் வாதம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. 10,000 பேருக்கு ஒரு சுகாதார ஆய்வாளர் வேண்டும் என்பது இந்த நாடு தனக்குத்தானே வகுத்துக்கொண்ட அளவு. அந்த அளவுக்கு ஆள் இல்லை என்பது சுகாதாரத் துறைக்கும் தெரியும், நகராட்சிகளுக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் சாவு விழுந்த பிறகு பணம் வருகிறது, செய்தியாளர் கூட்டம் நடக்கிறது, ஆய்வகத்துக்கு அவசரமாக ஆள் சேர்க்கிறார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. சாவதற்கு முன்னால் பார்க்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஏனென்றால் அவன் வேலையைச் சரியாகச் செய்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமே நடக்காது.

ஒன்றும் நடக்காமல் போவதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நாம் நடுவில் குடைந்து குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற ‘பன்னி சௌ’வுக்கு வாங்குகிற அதே ரொட்டிதான். 2003 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் ரொட்டி மாவிலும் சோள மாவிலும் இரும்புச்சத்து, துத்தநாகம், ஃபோலிக் அமிலம் உட்பட 8 சத்துகளைச் சேர்ப்பது கட்டாயம். ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் கருவிலேயே குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகும். மாவில் சேர்க்க ஆரம்பித்த பிறகு அந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாக ஆய்வில் தெரிந்தது. யாரும் மாத்திரை வாங்கவில்லை, யாரும் வரிசையில் நிற்கவில்லை. எந்த மாவில், எந்த அளவில், சுட்டாலும் கெடாமல், ருசி மாறாமல் சேர்ப்பது என்று யாரோ சில பேர் ஆய்வகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அதனால் நன்றாக நடந்து திரியும் பிள்ளைகளுக்கே அது தெரியாது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். நம் ஜனங்களுக்குப் பிள்ளை படிப்பென்றால் டாக்டர், இல்லை கணக்காயர், அதுவும் இல்லையென்றால் வக்கீல். என் அண்ணன் மகள் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம், உணவு அறிவியல் துறையில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து பேசினார்கள். “டாக்டருக்குக் கிடைக்கலையா, பாவம்” என்று அவள் முகத்துக்கு நேராகவே ஒரு மாமா சொன்னார். அவள் அதைத்தான் முதல் விருப்பமாகக் கேட்டு வாங்கினாள் என்பதை நம்பவே ஆளில்லை.

போன காவடிக்குக் கோயில் சமையற்கட்டில் அவள் எங்களோடு நின்றாள். ஆயிரக்கணக்கில் ஜனம் சாப்பிடுகிற நாள், விடியற்காலையிலேயே சோற்றை வடித்து அண்டா அண்டாவாக மூடி வைத்துவிடுவார்கள். அவள் பையிலிருந்து ஒரு நீள ஊசி வெப்பமானியை எடுத்துத் துடைத்து, அண்டாவின் நடுவில் அடிவரை இறக்கினாள். சமையலுக்குத் தலைமையான ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இத்தனை வருஷமா ஆக்கிப் போடறோம், இப்ப இந்தக் குச்சி எதுக்கு?” என்றார். “ஆயா, நீங்களே பாருங்க. நடுவுலகூட 47 டிகிரிதான். 60க்குக் கீழே வந்துட்டா சோத்துல இருக்கிற கிருமி முழிச்சுக்கும்” என்று நிதானமாகச் சொன்னாள். அரிசியோடு வருகிற ஒரு பாக்டீரியாவின் வித்து கொதியிலும் சாகாது, வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது என்று விளக்கினாள். ஆயா கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார். பிறகு சோற்றை மொத்தமாக வடித்து வைக்காமல் பந்திக்குப் பந்தி வடிக்கச் சொல்லி ஆட்களை மாற்றிப் போட்டார். மறுவாரம் கோயில் கணக்கிலேயே இரண்டு வெப்பமானி வந்தது.

ஆயாவுக்குத் தெரிந்ததெல்லாம் தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுகிற கூழைப் புளிக்க வைக்கிறோமே, அதில் உண்டாகிற லாக்டிக் அமிலம்தான் கெட்ட கிருமிகளை அண்ட விடாமல் செய்கிறது. 1860-லிருந்து கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் வெந்த நம் முன்னோர் வழியாக வந்த பழக்கம் அது. கையால் வந்த அறிவுக்கும் ஆய்வகத்து அறிவுக்கும் சண்டையே இல்லை. அந்தச் சமையற்கட்டில் இரண்டும் பத்து நிமிடத்தில் ஒத்துப்போயின.

நம் நாட்டு ஆய்வகங்களை உலகமே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. 2021 நவம்பரில் கொரோனா வைரஸின் ஒமிக்ரான் வகையை மரபணு ஆய்வாளர் துலியோ டி ஒலிவேராவும் கூட்டாளிகளும் ஒளிக்காமல் உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். பதிலுக்கு நாடுகள் நமக்கு விமானத்தை நிறுத்தின. 2025-ல் அமெரிக்க அரசு பணத்தை வெட்டியபோது எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு உட்பட இங்கே பல ஆய்வுகள் நடுவிலேயே நின்றன. வெளியார் பணத்தில் இவ்வளவு சாய்ந்திருந்தது சரியில்லை. நம் நாடே தன் பட்ஜெட்டில் இதற்கென்று தனியாக ஒதுக்கியே ஆக வேண்டும். பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட இதைவிட அவசரமான செலவு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். மெட்ரிக், அதாவது பள்ளி இறுதி வகுப்பு படிக்கிற பிள்ளை உணவு அறிவியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், நுண்ணுயிரியல் என்று சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். பாடத்திட்டம் என்ன, படித்துவிட்டு எங்கெல்லாம் வேலை பார்க்கலாம் என்று கேட்க விரும்புகிறவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், என் அண்ணன் மகளையே பேசச் சொல்கிறேன்.

அடுத்த வார்டுக் கூட்டத்துக்கு நான் இரண்டு கேள்விகளோடு போகப் போகிறேன். நம் பகுதிக்கு எத்தனை சுகாதார ஆய்வாளர்கள்? பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடைகளுக்கு அவர்கள் கடைசியாக வந்தது எந்தத் தேதியில்? ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், ஐசிப்பிங்கோ, டோங்காட், வெருலம் ஆட்கள் உங்கள் கவுன்சிலரிடமும் இதையே கேட்டு, கிடைத்த பதிலைக் கீழே எழுதுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சிக்கு ஒரே மனுவாக அனுப்பலாம்.