கை தூக்குவதற்கு முன் படிக்க நேரம் கொடுங்கள்

நகர மன்றக் கூட்டம் என்றால் செய்திகளில் நாம் பார்ப்பது கூச்சலும் வெளிநடப்பும்தான். கூச்சல் ஓய்ந்த பிறகு நடப்பதை யாரும் காட்டுவதில்லை. தலைவர், "பொருள் எண் 12 முதல் 45 வரை" என்கிறார். எண்கள் மட்டும் வாசிக்கப்படுகின்றன. "ஆட்சேபணை உண்டா?" ஒரு நொடி மௌனம். "ஏகமனதாக நிறைவேறியது." அந்த 34 பொருள்களுக்குள் ஒரு குப்பை அள்ளும் ஒப்பந்தம் இருக்கும், ஒரு தெருவின் பெயர் மாற்றம் இருக்கும், ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தப்போகும் ஒரு துணைவிதியும் இருக்கும். மூன்றுக்கும் அதே ஒரு நொடிதான்.

வழக்கமான பொருள்களைத் தொகுத்து நிறைவேற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தெருவிளக்கு பழுதுபார்த்த செலவுக்கெல்லாம் விவாதம் வைத்தால் கூட்டம் விடியும் வரை நடக்கும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இதற்கென்றே நிகழ்ச்சி நிரலில் தனிப் பகுதி உண்டு. ஓர் உறுப்பினர் கேட்டால் அந்தப் பொருளைத் தனியே எடுத்துப் பேசுவது வழக்கம். ஆனால் துணைவிதி என்பது சட்டம். மேலே இருக்கும் சட்டமன்றம் கொடுத்த அதிகாரத்தின் எல்லைக்குள் நகர மன்றம் இயற்றுகிற சட்டம். மீறினால் அபராதம் கட்ட வேண்டும். அதைச் செலவுக் கணக்குகளோடு ஒரே கட்டாகக் கட்டி நிறைவேற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக ஒரு வரைவு வாசகத்தைக் கற்பனையாக எழுதிப் பார்க்கிறேன்: "பொது நடைபாதையில் எவரும் எந்தப் பொருளையும் வைக்கவோ நிறுத்தவோ கூடாது, மீறுவோருக்கு அபராதம் விதிக்கப்படும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நிதானமாக மறுபடி படியுங்கள். சக்கர நாற்காலியைச் சற்று நிறுத்தி மூச்சு வாங்குபவர் இதில் சிக்குவாரா? பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்? வண்டி வந்து எடுத்துச் செல்லக் குப்பைத் தொட்டியை வாசலில் வைப்பவர்? அப்படி வைக்கச் சொன்னதே அதே மன்றத்தின் வேறொரு விதியாக இருக்கலாம்! "நடந்து செல்வோருக்கு இடையூறாகும் வகையில்" என்ற நான்கு சொற்களைச் சேர்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சேர்க்காமல் விட்டால் எல்லோரும் குற்றவாளிகள். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பது அபராத ரசீதுப் புத்தகம் வைத்திருப்பவரின் விருப்பம். அகலமாக எழுதப்பட்ட சட்டம் எப்போதும் எளியவர் மேல்தான் விழும். எதிர்த்துக் கேட்க ஆள் இருப்பவரை அது தொடாது.

வரைவை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்த உறுப்பினருக்கு இது கண்ணில் படும். கூட்டத்தன்று காலையில் காகிதக் கட்டை வாங்கியவருக்குப் படவே படாது. அவரைத் திறமையற்றவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அவகாசம் கொடுக்கப்படவில்லை.

அதனால்தான் நல்ல மன்ற விதிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் காத்திருப்பைக் கட்டாயமாக்குகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எந்தத் துணைவிதியானாலும் மூன்று வாசிப்புகளை, அதாவது வரைவை மன்றம் எடுத்துக்கொண்டு வாக்களிக்கும் மூன்று கட்டங்களை, கடக்க வேண்டும். ஒரே கூட்டத்தில் இரண்டுக்கு மேல் நடத்தக் கூடாது; மூன்றாவதையும் அன்றே எடுக்க வேண்டுமானால் வந்திருக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தால் போதும், சட்டம் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கும். பெரும்பான்மைக்கு முன்னால் ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பலம் கொடுத்த இந்த விதியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அந்த ஒருவரால் சட்டத்தைத் தடுக்க முடியாது. படிக்க நேரம் வாங்கித் தர முடியும்.

கலிபோர்னியாவில் 1953-ல் வந்த பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். நிரலில் இல்லாத பொருள் மீது, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, முடிவெடுக்க முடியாது. இங்கிலாந்தில் பெரிய உள்ளாட்சி மன்றங்கள் ஐந்து முழு நாள் முன்னதாக நிரலை வெளியிடுகின்றன.

பிரவுன் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கூட்டத்துக்கு வெளியே கூடி மன்ற அலுவலைப் பேசி முடிக்கக் கூடாது. ஒருவர் இன்னொருவரிடம், அவர் மூன்றாமவரிடம் என்று சங்கிலியாகப் பேசி முடிவுக்கு வருவதும் கூடாது. சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். பூட்டிய அறைக்குள் எல்லாம் முடிந்த பிறகு மண்டபத்தில் நடப்பது வெறும் ஒப்புக்குத்தான். பிரிட்டனிலும் இது பழைய சண்டை. மார்கரெட் தாட்சர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய முதல் உரையே, உள்ளாட்சி மன்றக் கூட்டங்களுக்குள் பத்திரிகையாளரையும் பொதுமக்களையும் அனுமதிக்கக் கோரி 1960-ல் அரசு சார்பில் அல்லாமல் சாதாரண உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் மீதுதான். அவருடைய பிற்கால அரசியலில் எனக்கு உடன்பாடு குறைவு. ஆனால் அந்த மசோதாவுக்கு நானும் கை தூக்கியிருப்பேன்.

இந்தியாவில் நகர உள்ளாட்சிகளைப் பற்றிய 74-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 3 லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது அது. என்னைக் கேட்டால், துணைவிதியின் வரைவு முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் குழுதான். நடைபாதையில் உட்கார்ந்து பிழைக்கிறவருக்குத் தெரிவது மன்ற மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்குகிற மன்றங்களிலும் அந்த நேரம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வாக்கெடுப்பு முடிந்த பின் மக்களுக்கு மூன்று நிமிடம் கொடுப்பது மரியாதை ஆகாது. வாக்கெடுப்புக்கு முன்னால் கேட்க வேண்டும், கேட்டதில் ஒரு வரியாவது வரைவில் ஏற வேண்டும்.

வெளிநடப்பு செய்பவர்களிடமும் எனக்குச் சொல்ல உண்டு. நீங்கள் கதவைத் தாண்டியதும் உள்ளே வேலை சுலபமாகிவிடுகிறது. கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை உள்ளே இருக்கும்வரை அடுத்த பொருள் நிறைவேறும், அதற்கடுத்ததும் நிறைவேறும். நடவடிக்கைக் குறிப்பேட்டில் "ஏகமனதாக" என்றே எழுதப்படும். உங்கள் எதிர்ப்பு வாசலில் நின்ற கேமராவோடு போய்விடும். உட்கார்ந்திருங்கள். பெயர் வாரியாக வாக்கெடுப்பு கேளுங்கள், எதிர்த்து வாக்களித்ததைப் பதியச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்த விதி நீதிமன்றத்தில் நிற்கும்போது புரட்டப்படுவது அந்தக் குறிப்பேடுதான்.

இவ்வளவு காத்திருந்தால் ஊரில் எந்த வேலை நடக்கும் என்று கேட்பார்கள். வெள்ளம் வரும்போதும் நோய் பரவும்போதும் மூன்று வாசிப்புக்குக் காத்திருக்க யாரும் சொல்லவில்லை. அதற்கு அவசரத் தீர்மானம் இருக்கிறது. அவசரம் என்று ஏற்கவே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று பல இடங்களில் விதியும் இருக்கிறது. வாகன நிறுத்தக் கட்டணத்துக்கும் விளம்பரப் பலகை விதிக்கும் என்ன அவசரம்? கூட்டம் தொடங்கிய பிறகு மேசைக்கு வரும் காகிதத்தில் "அவசரம்" என்று போட்டிருந்தால், இந்தப் பொருள் சென்ற கூட்டத்தில் ஏன் வரவில்லை என்று ஓர் உறுப்பினராவது எழுந்து கேட்க வேண்டும். பதில் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது, சாக்கடையும் சாலையும் பேசி முடித்த பிறகு இதையும் கேளுங்கள்: கடைசியாக நிறைவேறிய துணைவிதியின் முழு வரைவு உங்கள் கைக்கு எப்போது வந்தது? அவர் தேதி சொன்னால் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை இணைப்புகளோடு கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில்தான் கொடுத்தார்கள் என்று சொன்னால், அடுத்த முறை ஒத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கேட்கும்படி அவரிடமே கோரிக்கை வையுங்கள்.