பஸ் மாறும் இடம்

போன மாதம் ஒரு இரவு நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்றில் இறங்கினேன். நான் வந்த எக்ஸ்பிரஸ் 9.04க்கு நின்றது. மாற வேண்டிய பஸ் 9.00க்கே கிளம்பிவிட்டது. அது போய் மறைந்த வளைவை நானும் இன்னும் ஆறு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களோடு இறங்கிய ஒரு அம்மா, கையில் ஆஸ்பத்திரி ஃபைல் வைத்திருந்தார், "அடுத்த வண்டி எப்போப்பா?" என்று கேட்டார். மொபைல் வெளிச்சத்தில் பலகையைப் பார்த்துவிட்டு, "பதினொரு மணிக்குத்தாம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லாத இடம். பையைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு எந்த பஸ்ஸும் தாமதமில்லை. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. எங்கள் வண்டிக்கு அட்டவணையிலேயே 9.04தான், அந்த வண்டிக்கு 9.00தான். இரண்டையும் போட்டவர்கள் தனித்தனித் தாளில் போட்டிருக்கிறார்கள். இரண்டு தாளையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. தினமும் அதே நான்கு நிமிடத்தில் யாரோ சிலர் இரண்டு மணி நேரத்தை இழக்கிறார்கள்.

எக்ஸ்பிரஸ் பஸ் சேவையை மேம்படுத்துவது என்று பேச்சு வந்தாலே புது வண்டி, ஏசி, சார்ஜிங் பாயிண்ட், வைஃபை என்றுதான் போகிறது. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்து நல்ல ரூட் இருந்தால் அது நெட்வொர்க் ஆகிவிடாது. ஒரு ரூட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பயமில்லாமல் மாற முடிந்தால்தான் அது நெட்வொர்க்.

ஒரு சின்னக் கணக்கு. 120 கிலோமீட்டர் தூரம், சராசரி 60 கி.மீ. வேகம் என்றால் இரண்டு மணி நேரம். சராசரியை 70 ஆக்கினால் மிச்சம் சுமார் 17 நிமிடம். அதற்குச் சாலையை அகலப்படுத்த வேண்டும், நல்ல வண்டி வேண்டும், டிரைவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அன்றிரவு எங்கள் பஸ் ஒரு பத்து நிமிடம் முன்னால் வந்து சேரும்படி அட்டவணை இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு மிச்சமாகியிருப்பது இரண்டு மணி நேரம். ஒரு பைசா செலவில்லை.

இதை ரயிலில் முறையாகச் செய்து காட்டியது சுவிட்சர்லாந்து. 1982இல் நாடு முழுக்க ஒரே நிமிடத்தில் திரும்பத் திரும்ப வரும் அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். ஒரு ஊரில் 8.02க்கு வண்டி என்றால் 9.02, 10.02, 11.02, அவ்வளவுதான், யாரும் அட்டவணையைத் தேட வேண்டியதில்லை. அப்புறம் 1987இல் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட 'ரயில் 2000' திட்டத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். பெரிய சந்திப்புகளுக்கு எல்லா வண்டிகளும் எட்டு, ஒன்பது என்று முழு மணி ஆவதற்குச் சற்று முன் வந்து, மணி ஆன பின் கிளம்ப வேண்டும். அதனால் சந்திப்புகளுக்கு இடையிலான பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். சூரிச்–பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதை 56 நிமிடமாகக் குறைக்க என்ன பாதை தேவையோ அதைக் கட்டினார்கள், 2004 டிசம்பரில் அது ஓடத் தொடங்கியது. 40 நிமிடத்தில் போக ஆசைப்படவில்லை. ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் நிற அஞ்சல் பஸ்கள் அந்த ரயில்களுக்குக் காத்து நிற்கின்றன.

பஸ்ஸுக்கும் இதே கணக்குதான், இதைத் திட்டமிடும் அலுவலகச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன். மணிக்கு ஒரு இணைப்பு பஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சந்திப்புகளுக்கு இடையே 65 நிமிடம் ஓடும் பஸ்ஸை 55 நிமிடமாக்கினால், மாறிப் போகிறவருக்கு முழுதாக ஒரு மணி நேரம் லாபம். அதே பஸ்ஸை 55இலிருந்து 45 ஆக்கினால் அவருக்கு ஒன்றுமே இல்லை, பத்து நிமிடம் கூடுதலாக பெஞ்சில் உட்காருவார். பணத்தை எங்கே போட வேண்டும் என்பதை அட்டவணைதான் சொல்ல வேண்டும். நாம் தலைகீழாக, முதலில் வண்டியை வாங்கிவிட்டு அப்புறம் அட்டவணை போடுகிறோம்.

அடுத்த சண்டை பைபாஸ். எக்ஸ்பிரஸ் ஊருக்குள் போக வேண்டுமா, பைபாஸிலேயே இறக்கிவிட வேண்டுமா? ஊருக்குள் போய்த் திரும்ப 12 நிமிடம் என்றால் நான்கு ஊருக்கு 48 நிமிடம். கடைசி ஊருக்குப் போகிறவர் எரிச்சலடைவது நியாயம். இருட்டில் மேம்பாலத்தின் அடியில் பெண்களைப் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போவதும் அநியாயம். இது ஒன்றைப் பெற இன்னொன்றை இழந்தே தீர வேண்டிய விஷயம் என்று நான் நம்பவில்லை. ஜப்பானில் 1969இல் முழுமையாகத் திறந்த டோமெய் விரைவுச்சாலையில், சாலையோடு சேர்த்தே பஸ் நிறுத்தங்களையும் கட்டினார்கள். பஸ் தனித் தடத்தில் ஒதுங்கி நிற்கும், பயணிகள் கீழே உள்ளூர்ச் சாலையிலிருந்து படி ஏறி வருவார்கள். தென்கொரியா 2009 முதல் விரைவுச்சாலை ஓய்விடங்களையே பஸ் மாறும் இடமாக்கியது. கழிப்பறை, வெளிச்சம், கடை எல்லாம் ஏற்கெனவே இருக்கும் இடம், பஸ்ஸும் எப்படியும் நிற்கப் போகிற இடம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து லண்டன் போகும் பஸ் ஊர் விளிம்பில் கார் நிறுத்துமிடத்தோடு சேர்ந்த தார்ன்ஹில்லில் நிற்கிறது. எல்லா இடத்திலும் விஷயம் ஒன்றுதான். பைபாஸில் நிறுத்துங்கள், ஆனால் அங்கே கூரை, விளக்கு, கழிப்பறை வையுங்கள், அங்கிருந்து ஊருக்குள் போக ஒரு சின்ன பஸ் அதே நேரத்துக்கு நிற்கட்டும். அந்தச் சின்ன பஸ் இல்லாமல் பைபாஸ் நிறுத்தம் என்பது பயணியை நடுவழியில் விட்டுவிடுவதுதான்.

சந்தையிடம் விட்டால் போட்டி வந்து எல்லாம் சரியாகும் என்கிறார்கள். பெரிய ஊர்களுக்கு இடையே வரும், உண்மைதான். பிரிட்டன் 1980இல் தூரப் பயணப் பேருந்துக் கட்டுப்பாட்டை நீக்கியது. ஜெர்மனி 2013 ஜனவரியில், பஸ் போட்டியிலிருந்து ரயிலுக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பை எடுத்தது. இரண்டு நாட்டிலும் கட்டணம் இறங்கியது, பயணிகள் கூடினார்கள், சில ஆண்டுகளில் சந்தையின் பெரும்பகுதி ஒரே கம்பெனியின் கையில் போய்ச் சேர்ந்தது. எந்தத் தனிக் கம்பெனியும் இன்னொரு கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்காது. காத்திருக்க அதற்கு என்ன காரணம் இருக்கிறது? காத்திருக்கச் சொல்ல ஒரு பொது அமைப்பு வேண்டும்.

சின்ன ஊர்களின் கதை இன்னும் மோசம். கனடாவின் வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜார்ஜுக்கும் பிரின்ஸ் ரூபர்ட்டுக்கும் இடையே சுமார் 720 கிலோமீட்டர் சாலைக்குக் 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்றே பெயர். பஸ் வசதி போதாமல் கை காட்டி வண்டி ஏறிப் போன பெண்கள், குறிப்பாகப் பழங்குடிப் பெண்கள், அங்கே காணாமல் போயிருக்கிறார்கள், கொல்லப்பட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி 2006இல் நடந்த ஒரு கூட்டத்தின் அறிக்கை பஸ் விடச் சொன்னது. அந்த நெடுஞ்சாலையில் ஊர்களை இணைக்கும் பொதுப் பேருந்துகள் ஓடத் தொடங்கியது 2017இல். மறு வருடமே கிரேஹவுண்ட் என்ற தனியார் பஸ் கம்பெனி அந்தப் பகுதியை விட்டுப் போய்விட்டது, மாகாண அரசே தூரப் பயண பஸ்ஸை ஓட்ட வேண்டி வந்தது. லாபமில்லாத ரூட் என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அந்த வரிக்குப் பின்னால் யார் சாலையோரம் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

அமெரிக்காவில் ஊரகப் போக்குவரத்துக்கான மத்திய நிதியில் 15 விழுக்காட்டை ஊர்களை இணைக்கும் பஸ்ஸுக்கு மாநிலங்கள் செலவிட வேண்டும், தேவை நிறைவேறிவிட்டது என்று ஆளுநர் சான்று கொடுத்தால்தான் விலக்கு. இப்படித் தனியாக எடுத்து வைத்த பணம் எங்கேயும் வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வெட்டப்படுவது இந்த பஸ்தான்.

டிரைவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அட்டவணையை இறுக்கிப் பிடித்துப் போட்டால் இணைப்பு முதல் மழையிலேயே அறுந்துவிடும். ஒவ்வொரு ட்ரிப்பின் முடிவிலும் ஐந்து, பத்து நிமிடம் சும்மா நிற்க நேரம் இருக்க வேண்டும். வீணான நேரம் என்று கணக்குப் பிரிவில் சொல்வார்கள். அந்த நேரத்தில்தான் டிரைவர் தண்ணீர் குடிக்கிறார், முந்தைய தாமதம் அடுத்த ட்ரிப்புக்குப் போகாமல் நிற்கிறது.

பகலில் ஒரு இணைப்பு தவறினால் அடுத்ததைப் பிடிக்கலாம். கடைசி பஸ் தவறினால் ராத்திரி முழுக்க அங்கேதான். அதனால் நான் கேட்பது முதலில் இதுதான்: ஒவ்வொரு சந்திப்பிலும் அட்டவணைப் பலகையில் கடைசி பஸ்ஸுக்கு எதிரே ஒரு வரி இருக்கட்டும். இந்த வண்டி எந்த வண்டிக்காக எத்தனை நிமிடம் காத்திருக்கும், அதற்கு மேலும் தாமதமானால் எந்த நம்பருக்கு போன் செய்தால் மாற்று வண்டி வரும் என்று. தூரத்திலிருந்து வாசிக்கும்படி பெரிய எழுத்தில், மேலே ஒரு விளக்கோடு.