மக்களிடம் கேட்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்

நேற்றிரவு விவாதத்தில் அந்த மூத்த பத்திரிகையாளர் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ஆப்பிரிக்கர்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது" என்று ஒரே வரியில் ஒரு கண்டம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதினார். நெறியாளரும் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அங்குள்ள மக்களிடம் இதை யாராவது கேட்டிருக்கிறார்களா என்ற எண்ணம் அவ்விருவருக்கும் எழவே இல்லை. கேட்டிருக்கிறார்கள். கால் நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கானா நாட்டு அரசியல் அறிஞர் இ. ஜிமா-போவாடி, லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1998இல் ஜனநாயக வளர்ச்சிக்கான கானா மையத்தை அமைத்தார். மறு ஆண்டு மைக்கேல் பிராட்டன், ராபர்ட் மேட்டஸ் ஆகிய அரசியல் அறிஞர்களுடன் சேர்ந்து, ஆப்பிரிக்க மக்களின் கருத்தைக் கேட்டறியும் அஃப்ரோபாரோமீட்டர் ஆய்வைத் தொடங்கினார். 12 நாடுகளில் தொடங்கிய அந்த ஆய்வு இன்று சுமார் 40 நாடுகளுக்கு விரிந்துவிட்டது. நாட்டுக்கு 1,200 பேரையோ 2,400 பேரையோ வீடு தேடிச் சென்று, அவரவர் மொழியிலேயே பேட்டி காண்கிறார்கள். கடந்த ஓராண்டில் சாப்பாடு இல்லாமல் எத்தனை முறை இருந்தீர்கள், சான்றிதழ் வாங்க லஞ்சம் கொடுத்தீர்களா என்று கேட்கிறார்கள். அந்தப் பகுதிக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் வந்திருக்கின்றனவா என்பதைப் பேட்டியாளரே பார்த்துக் குறித்துக்கொள்கிறார். இதுவல்லவா அரசியல் ஆய்வு?

2008 அதிபர் தேர்தலில் கானாவில் வெற்றி வித்தியாசம் சுமார் 40,000 வாக்குகள்தான். எந்த நாட்டிலும் தெருவில் ரத்தம் சிந்தியிருக்கக்கூடிய முடிவு அது. ஜிமா-போவாடியின் மையம் ஒருங்கிணைத்த உள்நாட்டுப் பார்வையாளர்கள், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வாக்குச்சாவடிகளின் முடிவுகளைத் தாங்களே திரட்டி, தேர்தல் ஆணையத்தின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆளுங்கட்சி தோல்வியை ஏற்று ஆட்சியை ஒப்படைத்தது. இப்படிப்பட்ட வேலைக்கு வாழ்க்கையைக் கொடுத்த ஒருவர் இருக்கும்போது, ஒத்துவராது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஆய்வுப் படிப்புக்குக் கானாவின் தேர்தல்களை எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது, "அங்கே படிக்க என்ன இருக்கிறது? ஐரோப்பாவைப் பற்றி எழுது" என்று துறையில் சொல்லிவிட்டார்கள். தலைப்பை மாற்றிக்கொண்டேன். அந்தக் கேள்வி மட்டும் மனதிலிருந்து போகவே இல்லை.

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய நாடுகளின் ராணுவ ஆட்சிகளைச் சுட்டிக்காட்ட வருவீர்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. அஃப்ரோபாரோமீட்டரும் மறைக்கவில்லை. 2024இல் அது வெளியிட்ட அறிக்கைப்படி, மற்ற எந்த ஆட்சிமுறையையும்விட ஜனநாயகமே மேல் என்றவர்கள் 66 விழுக்காடு. தலைவர்கள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் ராணுவம் தலையிடலாம் என்றவர்கள் 53 விழுக்காடு. இவ்விரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மக்கள் சலித்துப்போயிருப்பது தங்களை ஏமாற்றும் தலைவர்களிடம் என்றுதான் எனக்குப் படுகிறது. வாக்குச்சீட்டை அவர்கள் இன்னும் கைவிடவில்லை.

வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஆய்வுதானே என்றும் சொல்வார்கள். நிதி வருகிறது, உண்மை. தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் எந்த எண் தவறு என்று எடுத்துக் காட்டுங்கள், உட்கார்ந்து பேசலாம்.